பழைய கருவிக்குப் புதிய கட்டளை

அறிவியல் நாளொரு மேனியும் பொழுதொரு வண்ணமுமாக வளர்ந்து வரும் இக்காலத்தில் கணினியை அறியாதார் எவருமிலர். மாணவியர் அதில் பாடம் பயில்கின்றனர்; ஆசிரியைகள் மதிப்பெண் பதிகின்றனர்; அலுவலகத்தில் கட்டணக் கணக்கு நடைபெறுகிறது. ஆனால், அந்தக் கணினிகளை ஒன்றோடொன்று பேச வைக்கும் ஒரு சிறு பெட்டியை நம்மில் எத்தனை பேர் ஏறெடுத்துப் பார்த்திருப்போம்? அறையின் மூலையில், தூசி படிந்து, சிறு பச்சை விளக்குகள் மின்ன, இரவும் பகலும் ஓயாது உழைக்கும் அப்பெட்டிக்கு 'நெட்வொர்க் சுவிட்ச்' என்று பெயர். விளக்கைப் போடவும் அணைக்கவும் பயன்படும் சுவிட்ச் வேறு, இது வேறு.

இந்தப் பெட்டிக்கு வயதாகிவிட்டால் என்ன செய்வது? அதனுள் உறையும் கட்டளைகளைப் புதுப்பிப்பது எவ்வாறு? புதுப்பிக்காமல் விட்டால் நேரும் கேடு யாது? இவற்றை மாணவியரும் பெற்றோரும் அறிந்துகொள்ளும் வண்ணம் எளிய முறையில் விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

சுவிட்ச் என்பது யாது?

ஒரு தெருவில் நாற்பது வீடுகள் உள்ளன என வைத்துக்கொள்வோம். ஒரு வீட்டாருக்குக் கடிதம் வருகிறது. தபால்காரர் தெருமுனையில் நின்று அதை உரக்கப் படித்தால் என்னவாகும்? நாற்பது வீட்டாரும் கேட்பர். இருவர் ஒரே நேரத்தில் படித்தால் எவருக்கும் எதுவும் விளங்காது. 'ஹப்' எனப்பட்ட முற்காலப் பெட்டி இவ்வாறுதான் வேலை செய்தது. ஒரு துளையில் வந்த செய்தியை எல்லாத் துளைகளிலும் அனுப்பிவிடும்.

சுவிட்ச் நல்ல தபால்காரரைப் போன்றது. ஒவ்வொரு கணினியின் இணைப்பு அட்டைக்கும் 48 பிட்டுகளால் ஆன ஒரு முகவரி உண்டு. எந்தத் துளையிலிருந்து எந்த முகவரி பேசுகிறது என்பதைப் பார்த்துப் பார்த்துச் சுவிட்ச் தானே ஓர் அட்டவணை எழுதிக்கொள்ளும். பின்னர் அந்த முகவரிக்கு வரும் செய்தியை அந்தத் துளைக்கு மட்டும் கொடுக்கும். முகவரி இன்னும் தெரியாவிடில் மட்டுமே எல்லாத் துளைகளிலும் அனுப்பித் தேடும். கற்றுக்கொள்ளும் பெட்டி என்று இதனைக் கூறினால் மிகையாகாது.

கணினிகளை இணைக்கும் 'ஈதர்நெட்' முறை 1973-ஆம் ஆண்டில் அமெரிக்காவின் ஜெராக்ஸ் ஆய்வுக்கூடத்தில் பிறந்தது. அம்முறைக்குப் பல துளைகள் கொண்ட சுவிட்சை முதன்முதலில் விற்பனைக்குக் கொண்டு வந்த நிறுவனத்தின் பெயரைக் கேட்டால் வியப்பீர்கள். அதன் பெயர் 'கல்பனா'! இந்திய வம்சாவளியினரான வினோத் பரத்வாஜ் என்பவர் லாரி பிளேர் என்பவருடன் சேர்ந்து தொடங்கிய அந்நிறுவனத்திற்குத் தம் மனைவியின் பெயரையே சூட்டினார். 1990-ஆம் ஆண்டளவில் வெளிவந்த அந்தச் சுவிட்சுக்கு 7 துளைகளே இருந்தன. 1994-இல் சிஸ்கோ நிறுவனம் கல்பனாவை விலைக்கு வாங்கிக்கொண்டது.

இன்னொரு பெண்மணியையும் இங்கே நினைவுகூர வேண்டும். இரண்டு சுவிட்சுகளுக்கிடையே தவறுதலாக இரண்டு கம்பிகளைச் செருகிவிட்டால், ஒரே செய்தி சுற்றிச் சுற்றி வந்து அனைத்தையும் திணறடித்துவிடும். இதைத் தடுக்க, வேண்டாத வழிகளைத் தாமே அடைத்துக்கொள்ளும் முறையொன்றை 1985-இல் ராடியா பெர்ல்மன் என்ற அம்மையார் வகுத்தார். இன்றளவும் உலகெங்கும் சுவிட்சுகளில் அம்முறையும் அதிலிருந்து பிறந்த முறைகளும் இயங்கி வருகின்றன.

கட்டளைகள் எங்கே உறைகின்றன?

கற்றுக்கொள்ளவும், வழியை அடைக்கவும், செய்தியை மாற்றிவிடவும் பெட்டிக்குக் கட்டளை வேண்டுமல்லவா? கருவியோடு கருவியாக, மின்சாரம் நின்றாலும் அழியாமல் அதனுள் தங்கியிருக்கும் கட்டளைத் தொகுப்பே 'பர்ம்வேர்' எனப்படுவது. தொட்டுப் பார்க்கக்கூடிய வன்பொருளுக்கும், வேண்டும்போது மாற்றிக்கொள்ளும் மென்பொருளுக்கும் இடைப்பட்டது என்பதால், 1967-இல் ஆஷர் ஓப்ளர் என்பவர் இச்சொல்லை உருவாக்கினார்.

அக்காலத்தில் இக்கட்டளைகளை மாற்றுவது மலையைப் புரட்டுவதற்கு ஒப்பான வேலை. 1969-இல் மனிதனை நிலவுக்கு அழைத்துச் சென்ற அப்பல்லோ கலத்தின் கணினியில் கட்டளைகள் கம்பியால் நெய்யப்பட்டிருந்தன. சிறு காந்த வளையத்தின் உள்ளே கம்பி சென்றால் 1. வெளியே சென்றால் 0. அவற்றை நெய்தவர்கள் அமெரிக்கத் தொழிற்சாலையொன்றில் பணியாற்றிய பெண்கள். நம் வட்டாரத்தில் பனையோலைப் பெட்டி முடையும் தாய்மார்களை நீங்கள் பார்த்திருப்பீர்கள். ஓர் ஓலை மேலே போக வேண்டிய இடத்தில் கீழே போனால் பின்னல் கெடும் அன்றோ? அங்கும் அப்படியே. நெய்து முடித்தபின் ஓர் எழுத்தை மாற்ற வேண்டுமானாலும் பிரித்து மீண்டும் நெய்ய வேண்டியிருந்தது.

1971-இல் புற ஊதா ஒளியால் அழித்து மீண்டும் எழுதக்கூடிய நினைவகச் சில்லு வந்தது. அதன் முதுகில் ஒளி புகுவதற்கென்று ஒரு கண்ணாடிச் சன்னல் இருக்கும். பின்னர் ஜப்பானைச் சேர்ந்த புஜியோ மசுவோகா, மின்சாரத்தாலேயே நொடியில் அழித்து எழுதும் 'பிளாஷ்' நினைவகத்தை உருவாக்கி 1984-இல் உலகுக்கு அறிவித்தார். இன்றைய சுவிட்சுகளில் இருப்பது இதுவே. ஆகவேதான் பெட்டியைத் திறக்காமலே அதற்குப் புதிய கட்டளை கொடுக்க முடிகிறது.

ஏன் புதுப்பிக்க வேண்டும்?

காரணங்கள் மூன்று. முதலாவது, பிழை திருத்தம். பல இலட்சம் வரிகள் எழுதும்போது பிழை நேர்வது இயல்பு. சில சுவிட்சுகள் பல நாள் ஓடியபின் காரணமின்றி உறைந்து நிற்பதுண்டு. திருத்திய பதிப்பு அதைக் குணப்படுத்தலாம்.

இரண்டாவது, காலத்தோடு ஒத்துப்போதல். ராடியா பெர்ல்மன் வகுத்த பழைய முறையில், ஒரு கம்பி அறுந்தால் மாற்று வழி திறக்க 30 முதல் 50 வினாடிகள் ஆகும். 2001-இல் வந்த விரைவு முறையில் ஒரு சில வினாடிகளே போதும். இவ்வாறே, 2020-ஆம் ஆண்டிலிருந்து பிரபல இணைய உலாவிகள் பழைய பாதுகாப்பு முறைகளை ஏற்பதை நிறுத்திவிட்டன. அதனால் பழைய சுவிட்சின் நிர்வாகப் பக்கத்தைத் திறக்கவே இயலாத நிலை பலவிடங்களில் ஏற்பட்டது.

மூன்றாவதே முதன்மையானது. அதுதான் பாதுகாப்பு. சிஸ்கோ சுவிட்சுகளில் 'ஸ்மார்ட் இன்ஸ்டால்' என்றொரு வசதி இருந்தது. புதிய சுவிட்சைச் செருகியவுடன் அது தானே அமைப்புகளைப் பெற்றுக்கொள்ளும். ஆனால் அவ்வாறு கட்டளையிடுபவர் யார் என்று அது கேட்பதில்லை! இதைத் தீயவர் பயன்படுத்தலாம் என்று 2017-இலேயே அந்நிறுவனம் எச்சரித்தது. அவ்வசதியில் இருந்த மற்றொரு பிழையைத் திருத்தி 2018 மார்ச் 28-இல் புதிய பதிப்பையும் வெளியிட்டது. ஏப்ரல் முதல் வாரம் முடிவதற்குள் இந்த வசதியின் வழியே பல நாடுகளில் தாக்குதல் நடந்தது. உலகெங்கும் சுமார் 2 இலட்சம் கருவிகளும், ஈரானில் மட்டும் 3,500 கருவிகளும் பாதிக்கப்பட்டதாக ஈரான் அரசு அறிவித்தது. கருவிகள் உடையவில்லை, அவற்றின் அமைப்புகள் அழிக்கப்பட்டு, திரையில் ஓர் அமெரிக்கக் கொடியும் மிரட்டல் வாசகமும் நின்றன. எச்சரிக்கையைப் படித்து, அந்த வசதியை ஒரே வரிக் கட்டளையால் நிறுத்தியிருந்தவர்களுக்கு அன்று ஒரு குறையும் நேரவில்லை.

"எங்கோ ஈரானில் நடந்தது நமக்கென்ன?" என்று சிலர் கேட்கலாம். ஒரு பள்ளியின் சுவிட்ச் வழியே ஓடுவது என்ன என்று எண்ணிப் பாருங்கள். மாணவியின் பெயர், பிறந்த தேதி, வீட்டு முகவரி, தந்தையின் தொலைபேசி எண், மதிப்பெண், உடல்நலக் குறிப்பு. வீட்டுக் கதவைத் தாழிட்டுப் பெண் குழந்தைகளைப் பாதுகாக்கும் பெற்றோர், இந்தக் கதவும் தாழிடப்பட்டுள்ளதா என்று கேட்பது முறையே. அக்கேள்விக்கு விடை சொல்ல வேண்டிய பொறுப்பு பெரியவர்களாகிய நமக்கு உண்டு.

தொடாமல் விட்டால் என்ன?

"நன்றாகத்தானே ஓடுகிறது! தொட்டுக் கெடுப்பானேன்?" என்பது பலரும் கூறும் கருத்து. இதில் உண்மை இல்லாமல் இல்லை. புதுப்பிக்கும்போது பழைய கட்டளை அழிந்து, புதியது பாதி எழுதப்பட்ட நிலையில் மின்சாரம் நின்றால், பெட்டிக்குப் பழையதும் இல்லை, புதியதும் இல்லை. எழுந்து நிற்கவே தெரியாமல் வெறும் இரும்புப் பெட்டியாகிவிடும். வயதான கருவியில் இன்னொரு அச்சமும் உண்டு. ஆண்டுக்கணக்கில் நிறுத்தாமல் ஓடிய பெட்டியை ஒருமுறை நிறுத்தினால், தேய்ந்துபோன மின்வழங்கி மீண்டும் உயிர் பெறாமலும் போகலாம்.

எனவே இரண்டு பக்கமும் சீர்தூக்கிப் பார்க்க வேண்டும். பிழை நம்மைப் பாதிக்காததாய், திறந்த வெளிக் கதவும் இல்லாததாய் இருந்தால் காத்திருக்கலாம். பாதுகாப்புக் குறை என்றால் காத்திருத்தல் தகாது. 'பதறாத காரியம் சிதறாது' என்பார்கள். ஆயத்தத்தோடு செய்தால் அச்சத்திற்கு இடமில்லை.

செய்யும் முறை

1. கருவியை அறிதல்: பெட்டியின் அடியில் ஒட்டியுள்ள மாதிரி எண்ணையும், வன்பொருள் பதிப்பையும், தற்போதைய பர்ம்வேர் பதிப்பையும் ஒரு நோட்டுப் புத்தகத்தில் எழுதுக. ஒரே பெயருள்ள இரு பெட்டிகளின் உட்பகுதி வேறாக இருக்கலாம். ஒன்றுக்கு உரியதை மற்றொன்றில் ஏற்றலாகாது.

2. குறிப்பைப் படித்தல்: ஒவ்வொரு பதிப்போடும் தயாரிப்பாளர் வெளியிடும் குறிப்பைக் கடைசி வரி வரை படிக்க வேண்டும். மிகப் பழைய பதிப்பிலிருந்து ஒரே தாவலில் புதியதற்குச் செல்ல முடியாமல், இடையில் ஒரு பதிப்பை ஏற்ற வேண்டியிருக்கலாம். நினைவகத்தில் இடம் போதுமா என்பதும் அதில் தெரியவரும்.

3. நகல் எடுத்தல்: பெயர், கடவுச்சொல், எந்தத் துளை எந்தப் பிரிவுக்கு என்ற விவரம் ஆகிய அமைப்புகள் அனைத்தையும் வேறொரு கணினியில் சேமிக்க வேண்டும். பழைய பர்ம்வேரையும் சேமித்து வைப்பது நன்று. திரும்பி வரத் தெரிந்தவரே காட்டுக்குள் போகலாம்.

4. கோப்பைச் சரிபார்த்தல்: தயாரிப்பாளரின் தளத்திலிருந்தே கோப்பை இறக்க வேண்டும். அத்துடன் 'எஸ்எச்ஏ-256' என்ற கணிப்பு முறையால் கிடைக்கும் 64 இலக்கக் குறியீட்டையும் அவர்கள் தந்திருப்பார்கள். நம்மிடமுள்ள கோப்பிலும் அதே கணிப்பைச் செய்து ஒப்பிடுக. கோப்பில் ஓர் எழுத்து மாறியிருந்தாலும் குறியீடு முற்றிலும் மாறிவிடும். மளிகைக் கடைச் சீட்டை வீட்டில் மீண்டும் கூட்டிப் பார்ப்பது போன்றதே இது.

5. நேரம் குறித்தல்: தேர்வு நாட்களிலும், மின்வாரியம் அறிவித்துள்ள பராமரிப்பு மின்தடை நாளிலும் இவ்வேலை கூடாது. வகுப்புகள் முடிந்தபின், மின்கலம் நிறைந்த யு.பி.எஸ். கருவியில் சுவிட்சையும் கணினியையும் இணைத்துக்கொண்டு செய்ய வேண்டும். ஒருவர் செய்ய, மற்றவர் நோட்டைப் பார்த்து வாசித்தால் தவறு குறையும்.

6. ஏற்றுதல்: கோப்பைச் சுவிட்சுக்கு அனுப்பி, அங்கும் குறியீட்டைச் சரிபார்த்து, அடுத்த முறை புதியதைக் கொண்டு எழும்படி கட்டளையிட்டு, அமைப்பைச் சேமித்து, மறுதொடக்கம் செய்ய வேண்டும். விளக்குகள் அணைந்து சில நிமிடம் ஓசையின்றி இருக்கும். இந்நேரத்தில் பொறுமையிழந்து மின்கம்பியைப் பிடுங்குவதே பல கருவிகளைக் கொன்றிருக்கிறது.

7. சோதித்தல்: புதிய பதிப்பு எண் தெரிகிறதா, அமைப்புகள் மாறாமல் உள்ளனவா, எல்லாத் துளைகளும் உயிரோடு உள்ளனவா எனப் பார்த்து, தேதியோடு நோட்டில் எழுதி வைக்க வேண்டும்.

ஒருவேளை பெட்டி எழாமற்போனால் என் செய்வது? பெரும்பாலான நிர்வாகச் சுவிட்சுகளில் அழியாத சிறு தொடக்கக் கட்டளை ஒன்று தனியே இருக்கும். 'கன்சோல்' கம்பியை இணைத்து அதனுடன் பேசி, பர்ம்வேரை மெல்ல மெல்ல ஏற்றலாம். இதில் ஒரு கணக்கு உண்டு. மாணவியர் செய்து பாருங்கள். வேகம் வினாடிக்கு 9,600 பிட்டுகள். ஓர் எழுத்துக்கு 10 பிட்டுகள் எனில் வினாடிக்கு 960 எழுத்துகள். கோப்பின் அளவு ஒரு கோடி எழுத்துகள் எனில் ஆகும் நேரம் சுமார் 10,417 வினாடிகள். அதாவது ஏறத்தாழ 2 மணி 54 நிமிடங்கள்! சரிபார்க்கும் நேரத்தையும் சேர்த்தால் மூன்று மணி நேரத்தைத் தாண்டும். அதுவரை மின்சாரமும் நிற்கலாகாது. ஆயத்தத்தின் அருமை இங்கே விளங்கும்.

கடற்காற்றும் கருவியும்

கடலாடி வட்டாரத்திற்கென்று தனி இடர்கள் உண்டு. வாலிநோக்கத்தில் உப்பு விளைகிறது. காற்றிலும் அதன் சாரம் கலந்திருக்கிறது. அந்த உப்பு ஈரத்தோடு சேர்ந்து கம்பி முனைகளை அரித்துப் பச்சைக் களிம்பு பிடிக்கச் செய்கிறது. கோடை வெப்பம் மின்வழங்கியிலுள்ள மின்தேக்கிகளை உலர்த்திவிடுகிறது. தூசி விசிறியை அடைக்கிறது. ஆகவே நம் பக்கத்தில் பர்ம்வேரைத் தொடுமுன் பெட்டியின் உடலைப் பார்க்க வேண்டும். விசிறி சுற்றுகிறதா? கம்பி முனை சுத்தமா? பெட்டி கை பொறுக்காத சூடாக இருக்கிறதா? உடல் நலிந்த பெட்டிக்குப் புதிய கட்டளையால் பயனில்லை.

வெப்பத்தையும் தூசியையும் தாங்கும் கருவி செய்ய முடியாது என்பதில்லை. 1984-இல் தொடங்கப்பட்ட 'சி-டாட்' என்னும் இந்திய அரசின் ஆய்வு மையம், குளிரூட்டும் வசதி இல்லாமலே இயங்கும் கிராமத் தொலைபேசி இணைப்பகத்தை வடிவமைத்தது. அதில் முதலாவது 1986-இல் கர்நாடகத்திலுள்ள கித்தூரில் நிறுவப்பட்டது. தொலைபேசி அழைப்புகளை மாற்றிவிடும் அதுவும் ஒரு சுவிட்சே. நாட்டின் தட்பவெப்பத்தை எண்ணிக் கருவி செய்தால் கிராமமும் உலகோடு பேசும் என்பதை அது மெய்ப்பித்தது.

எப்போது ஓய்வு கொடுப்பது?

எத்தனை முறை புதுப்பித்தாலும் ஒரு நாள் தயாரிப்பாளர் இனிமேல் புதிய பதிப்பு வராது என்று அறிவித்துவிடுவார். அப்போது என் செய்வது? நம் பாம்பன் பாலமே இதற்கு விடை. 1914-இல் திறக்கப்பட்ட பழைய ரயில் பாலம், 1964 டிசம்பர்ப் புயலில் சிதைந்தும் சீர்செய்யப்பட்டது. மீட்டர் பாதைக்கெனக் கட்டப்பட்ட அதனை வலுப்படுத்தி 2007-இல் அகலப்பாதை ரயிலை ஓட்டினர். இவையெல்லாம் புதுப்பித்தல்கள். இறுதியில் 2022 டிசம்பரில் அதில் ரயில்கள் நிறுத்தப்பட்டன. 2025 ஏப்ரல் 6-இல் அருகிலேயே புதிய பாலம் திறக்கப்பட்டது. முடிந்தவரை பேணினர், முடியாதபோது ஆபத்தை விலைக்கு வாங்கவில்லை.

பள்ளிக்கூடங்களில் பணம் அருமை என்பது யாவரும் அறிந்ததே. உடனே புதிது வாங்க இயலாவிடில், பழைய சுவிட்சின் தொலைநிர்வாக வசதிகளை நிறுத்தி, இணையத்திலிருந்து எவரும் அதனை எட்ட முடியாதபடி செய்து, மாணவியர் விவரங்கள் செல்லாத சாதாரணப் பயிற்சிக்கு மட்டும் பயன்படுத்தலாம். ஒதுக்கும்போது, உள்ளேயிருக்கும் கடவுச்சொற்களை அழித்துவிட்டு, பழைய இரும்புக் கடைக்குப் போடாமல், பதிவு பெற்ற மின்கழிவு மறுசுழற்சியாளரிடம் சேர்ப்பிக்க வேண்டும். மின்கழிவுகளுக்கெனத் தனி விதிகள் 2022-இல் வகுக்கப்பட்டு 2023 ஏப்ரல் முதல் நடைமுறையில் உள்ளன.

பொறுமையின் பரிசு

பழைய கருவியைப் பழிப்போருக்கு ஒரு செய்தி. 1977 செப்டம்பர் 5-இல் ஏவப்பட்ட வாயேஜர்-1 விண்கலம், 2023 நவம்பரில் பொருளற்ற குறிகளை அனுப்பத் தொடங்கியது. அதன் கணினியில் ஒரு நினைவகச் சில்லு பழுதாகிவிட்டிருந்தது. கலமோ பூமியிலிருந்து 2,400 கோடி கிலோமீட்டருக்கு அப்பால். ஒளியின் வேகத்தில் செல்லும் ஒரு கட்டளை அதனைச் சேர இருபத்திரண்டரை மணி நேரம். பதில் வர மேலும் அவ்வளவு நேரம். அறிஞர்கள் பழைய ஏடுகளைத் தேடிப் படித்து, பழுதான சில்லில் இருந்த கட்டளைகளைத் துண்டு துண்டாக வேறு இடங்களுக்கு மாற்ற முடிவு செய்தனர். 2024 ஏப்ரல் 18-இல் முதல் கட்டளையை அனுப்பினர். ஏப்ரல் 20-இல் கலத்திலிருந்து தெளிவான செய்தி வந்தது. நாற்பத்தாறு வயதான கருவி மீண்டும் பேசியது! ஐம்பது ஆண்டுகளுக்கு முன் எழுதி வைத்த குறிப்புகள் இல்லாதிருந்தால் அவர்கள் பணி மிகவும் கடினமாகியிருக்கும்.

அன்பு மாணவியரே! நீங்கள் நாளை மருத்துவமனையிலும் வங்கியிலும் ரயில் நிலையத்திலும் பணியாற்றப் போகிறீர்கள். அங்கெல்லாம் மூலையில் இப்படியொரு பெட்டி இருக்கும். அதற்கு வயது என்ன, கடைசியாக எப்போது புதுப்பித்தார்கள், நகல் எங்கே உள்ளது என்று கேட்கும் பழக்கத்தை இன்றே வளர்த்துக்கொள்ளுங்கள். நெய்தவர்களும் வழி வகுத்தவர்களும் பெண்களாக இருந்த துறை இது. பேணுபவர்களும் நீங்களாக இருத்தல் கூடும். செய்ததைத் தேதியிட்டு எழுதி வையுங்கள். உங்களுக்குப் பின் வரும் தங்கை ஒருத்தி அந்த நோட்டைத் திறந்து நன்றி கூறுவாள்.